லாப்பரொட்டமியின் மூன்றாம் அசை

சிவகலா பத்தொன்பது வருடமாக அந்த மருத்துவமனையின் நிலவறையில் கத்திகளையும் கவ்விகளையும் கழுவி வந்தாள். பேர்ண் நகரத்தின் விளிம்பில், அவள் குடியிருந்த ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில், ஒன்பது மாடியும் மூன்று நிலவறையும் கொண்ட பெரிய மருத்துவமனை அது. ஒப்பரேஷனுக்குப் போன சாமான்கள் இரத்தமும் சதையுமாய் இரண்டாம் நிலவறைக்கு இறங்கி வரும். அங்கே அவற்றைக் கழுவி, எண்ணி, தட்டுகளில் அடுக்கி, நீராவியில் அவித்து, முத்திரை போட்டு மேலே அனுப்புவார்கள். அந்த இடத்துக்கு ஸ்டெரி என்று பெயர். ஸ்டெரியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது, ஒரு தட்டில் ஒரு கவ்வி குறைந்த அன்றுதான் மேலே இருப்பவர்களுக்கு நினைவு வரும். சிவகலாவின் தட்டுகளில் கவ்வி குறைந்ததே இல்லை. அதனால் அவளை மேலே ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம் மார்ச் மாதத்தில், வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த கனவான் ஒருவர் மூன்றாம் மாடி நடைபாதையில் நடந்து போனார். ஒரே ஆங்கில மருத்துவச் சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாக உச்சரித்தது அவர் காதில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டார், அவ்வளவுதான். அதைப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நிர்வாக இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டார். அதன்பிறகு இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் இறங்கியது. நான்காம் நாள் 'சொல்லழுத்தச் சீராக்க அலுவலகம்' பிறந்தது.

அலுவலகத்துக்கு ஏழு பேரை எடுத்தார்கள். ஸ்டெரியில் ஓய்வுபெற்றுப் போன இரண்டு பேருடைய இடங்கள் இனி நிரப்பப்பட மாட்டா என்றும் அதே மாதம் அறிவித்தார்கள். இரண்டு செய்தியும் ஒரே சுற்றறிக்கையில், 'நோயாளியின் பாதுகாப்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன.

அலுவலகத்தின் தலைவி ஃப்ரௌ டொக்டர் பீரி. அவர் மருத்துவர் அல்ல. விமான நிலைய அறிவிப்புகளில் வரும் இடைநிறுத்தங்களை ஆராய்ந்து டொக்டரானவர். எல்லா ஊழியர்களையும் பெரிய மண்டபத்துக்கு அழைத்து அவர் ஜேர்மன் மொழியில் உரையாற்றினார்.

"அன்பான சக ஊழியர்களே, நீண்ட ஆங்கில மருத்துவச் சொல் என்பது ஓர் உடல். அதை மூட்டு மூட்டாகப் பிரிக்கத் தெரியாதவர் நோயாளியின் உடலைத் தொடக்கூடாது. சென்ற வருடம் பிழையான சொல்லழுத்தத்தினால் நம் மருத்துவமனையில் எத்தனை பேர் இறந்தார்கள் தெரியுமா? ஒருவருமில்லை. இது எங்கள் அலுவலகத்தின் முதல் வெற்றி. நாங்கள் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. ஆனால் எங்கள் பயன் பின்னோக்கியும் பரவியிருக்கிறது என்பதைப் புள்ளிவிபரம் காட்டுகிறது."

முன்வரிசையில் கைதட்டினார்கள். பின்வரிசையில் சிவகலாவுக்குப் பக்கத்தில் யோகராஜா அண்ணை இருந்தார். கட்டிலோடு நோயாளிகளை ஒப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது அவருடைய வேலை. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

"சொல்லில எந்த இடத்தை அமத்திச் சொல்ல வேணுமெண்டு படிப்பிக்கப் போகினமாம் அண்ணை."

"கட்டில் தள்ளுற எனக்கு எதுக்கு?"

"கட்டிலில கிடக்கிறவரோட கதைக்கிறியள்தானே."

"நான் பேர்ண் டொய்ச்சிலயெல்லோ கதைக்கிறன். அவையும் அதிலதான் கதைக்கினம்."

அது உண்மைதான். அந்த மருத்துவமனையில் வயிறு கிழிபடுகிறவர்கள் பெரும்பாலும் பேர்ண் ஜேர்மனில் முனகுகிறவர்கள். எந்த நோயாளியும் இதுவரை ஆங்கிலத்தில் மூன்றாம் அசையை அமத்தி முனகியதாகத் தகவல் இல்லை. இதை யாரோ ஒரு தாதி எழுந்து கேட்டார். "மிக நல்ல கேள்வி," என்றார் ஃப்ரௌ டொக்டர் பீரி. "நோயாளிகளுக்கான பயிற்சி இரண்டாம் கட்டத்தில் வரும்."

பயிற்சி தொடங்கியது. ஹெர் ஆம்ஷ்டுட்ஸ் என்ற பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் தடித்த பச்சை ரப்பர் வளையம் ஒன்றைக் கொடுத்தார். அழுத்தமில்லாத அசைக்கு வளையத்தைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் வரும் அசையில் இழுக்க வேண்டும். வயிற்றைத் திறக்கும் ஒப்பரேஷனுக்கு ஆங்கிலத்தில் லாப்பரொட்டமி என்று பெயர். ஐந்து அசை. மூன்றாவதில் இழுவை. நாற்பது பேர் வட்டமாக நின்று லாப், அ, ரொட் என்று இழுத்தபோது சமையற்கூடத்துப் பெண் ஒருத்தியின் வளையம் அறுந்து ஒரு மயக்கமருந்து நிபுணரின் கண்ணில் பட்டது. "பாருங்கள், அழுத்தத்தின் வலிமையை," என்றார் ஆம்ஷ்டுட்ஸ்.

வளையத்தை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பரேஷன் அறைக்குள் வெளிச் சாமான் எதையும் கொண்டுபோகக்கூடாது என்பது அதைவிடப் பழைய விதி. இரண்டு விதிகளும் ஒரு குழுக் கூட்டத்தில் சந்தித்துப் பேசிச் சமாதானமாயின. மறுநாள் காலையிலிருந்து இருநூற்று நாற்பது ரப்பர் வளையங்கள் ஸ்டெரிக்கு வரத் தொடங்கின. அவற்றைக் கழுவி, ஒவ்வொன்றாகப் பையில் இட்டு, குறைந்த சூட்டில் கிருமி நீக்கி, ஏழு மணிக்கு முன் மேலே அனுப்ப வேண்டும். முன்னுரிமை: உயர்வு. இருதய ஒப்பரேஷன் சாமான்களின் முன்னுரிமை: நடுத்தரம். ஆள் இரண்டு குறைந்த இடத்தில், இன்னொருவருடைய விலாவைப் பிளந்துவிட்டு வந்த சாமானை ஓரமாய்த் தள்ளிவைத்து, சிவகலா ரப்பர் வளையம் கழுவினாள். பத்தொன்பது வருடத்தில் சீழும் மலமும் ஒட்டிய எத்தனையோ சாமான் கழுவியவளுக்கு ஒருநாளும் வராத ஓங்காளம் அந்தப் பச்சை வளையங்களைத் தொடும்போது வந்தது.

ஏப்ரல் முடிவில் பரீட்சை. ஆங்கில அழுத்தம் சிவகலாவுக்குப் பிடிபடவேயில்லை. தமிழில் எந்த எழுத்தையும் ஏறி மிதிக்காமல் பேசி வளர்ந்த நாக்கு அது. சட்டம் படிக்கும் மகள் மிதுஷா மேசையில் இருந்து திருத்தித் திருத்திக் களைத்துப் போனாள்.

"அம்மா, எல்லாத்தையும் ஒரேமாதிரிச் சொல்லாதேங்கோ. ஒரு இடத்தில ஏறுங்கோ."

"எந்த இடத்தில?"

"கடைசியிலயிருந்து மூண்டாவது."

சிவகலா சொல்லைத் தாளில் தமிழில் எழுதினாள். எழுதியதும் பள்ளிக்கூடத்து யாப்பு ஞாபகம் வந்தது. லாப், நேர். பரொட், நிரை. டமி, நிரை. கூவிளங்கனி. தொண்டையில் துளையிடும் ட்ரேக்கியொஸ்டமியும் கூவிளங்கனிதான். குடலைப் பார்க்கும் கொலொனொஸ்கொபி புளிமாங்கனி. கடைசி நிரைக்கு முன்னால் வரும் அசையின் வாலில் குரலை ஏற்றினால் மகள் தலையாட்டினாள். பரீட்சைக்கு வரும் நாற்பது சொல்லையும் ஒரே மாலையில் சீர் பிரித்து முடித்துவிட்டாள்.

பரீட்சை முடிவுகள் வந்தபோது சிவகலாவுக்குப் பச்சை அட்டை கிடைத்தது. பச்சை அட்டைக்காரர் மருத்துவச் சொற்களைத் தாராளமாகப் பேசலாம். மஞ்சள் அட்டைக்காரர் பச்சைக்காரர் ஒருவருடைய மேற்பார்வையில் பேசலாம். சிவப்பு அட்டைக்காரர் சுட்டிக்காட்டலாம். தலைமை அறுவை மருத்துவர் பேராசிரியர் ட்ஸூர்புகனுக்கு மஞ்சள். யோகராஜா அண்ணைக்குச் சிவப்பு.

பரீட்சகர்களுக்குள்ளேயே பின்னர் ஒரு பிளவு வந்தது. லாப், அ, ரொட், அ, மி என்று பிரிப்பதா, லா, ப, ரொ, ட, மி என்று பிரிப்பதா என்று நான்கு மணி நேரம் விவாதித்தார்கள். எடுத்துப் பார்த்த இரண்டு அகராதிகளும் வேறு வேறு பக்கம் நின்றன. இறுதியில் ஐந்தாம் மாடிக்கு மேலே ஒரு பிரிப்பும் கீழே மற்றதும் செல்லும் என்று முடிவாயிற்று. லிஃப்டில் பேசுவது தவிர்க்கப்பட வேண்டும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி என்றுதான் சிவகலா முதலில் நினைத்திருந்தாள். மே மாதத்தில் ஒருநாள் மதியம் நடைபாதையில் யோகராஜா அண்ணையைக் கண்டபோது அந்த நினைப்பு அடிபட்டுப் போயிற்று. கட்டிலில் எண்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கிடந்தார். "என்னை எங்கே கொண்டு போகிறீர்கள்? என்ன செய்யப் போகிறார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, பகிடி விட்டு, கையைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போன மனுசன், கழுத்தில் சிவப்பு அட்டையோடு நின்று, படங்கள் அச்சடித்த பலகையில் ஒரு பித்தப்பையைச் சுட்டிக் காட்டினார். அம்மா படத்தைப் பார்த்துப் பயந்து அழத் தொடங்கினார். சீராக்க அலுவலகத்துப் பெண்ணொருத்தி சுவரோரம் நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, வாய் திறந்து சொல்லுங்கோவன்," என்றாள் சிவகலா.

"ரெண்டு தரம் எழுதிப்போட்டினம் பிள்ளை. மூண்டாந்தரம் எழுதினா வீட்டை போகச் சொல்லுவினம்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு கட்டிலைத் தள்ளினார்.

ஜூன் மாதம் குரல்வாசல் வந்தது. முன்பெல்லாம் ஒப்பரேஷன் அறையிலிருந்து ஸ்டெரிக்கு ஃபோன் எடுத்து "அந்தப் பெரிய வயிற்றுத் தட்டு" என்றால் போதும், தட்டு லிஃப்டில் ஏறிவிடும். இனிமேல் ஃபோனை எடுப்பது ஓர் இயந்திரம். கேட்பவர் ஆங்கிலச் சொல்லை ஒழுங்கான அழுத்தத்தோடு சொன்னால் அலுமாரிப் பூட்டுத் தானாகத் திறக்கும். பிழையாகச் சொன்னால் திறக்காது. கூறுகெட்ட அந்த ஏற்பாட்டைத் திறந்துவைத்து ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலும் ஸ்டெரியிலிருந்து போனதுதான்.

அது வந்த மூன்றாம் வாரம், புதன்கிழமை பிற்பகல், லாங்கன்தால் பக்கத்தில் கூரையிலிருந்து விழுந்த ஓட்டு வேலைக்காரர் ஒருவரை ஹெலிகொப்டரில் கொண்டுவந்தார்கள். கெர்பர் என்று பெயர், நாற்பது வயது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் இன்னொரு பெரிய ஒப்பரேஷன் நடந்ததால் மேலே இருந்த தட்டுகள் முடிந்துவிட்டன. பேராசிரியர் ட்ஸூர்புகன் சுவர் ஃபோனை நோக்கித் தானே கத்தினார். மேற்பார்வைக்கு ஒரு பச்சை அட்டைத் தாதி பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தாள். விதி அப்படி.

ஸ்டெரியின் ஒலிபெருக்கியில் சிவகலா எல்லாவற்றையும் கேட்டாள்.

"லப்பரொத்தொமீ," என்றார் பேராசிரியர். முப்பது வருடமாக அவர் ஜேர்மன் மொழியில் சொல்லி வந்த விதம் அது. கடைசியில்தான் ஏற்றம்.

"நன்றி," என்றது இயந்திரம். "ஐந்தாம் அசையில் அழுத்தம் கேட்டது. தயவுசெய்து மீண்டும் முயற்சியுங்கள்."

"லப்பரொத்தொமீ. சாமானை அனுப்புங்கள்."

"ஐந்தாம் அசையில் அழுத்தம் கேட்டது. ரப்பர் வளையத்தைப் பயன்படுத்திப் பார்த்தீர்களா?"

தாதி வாய் திறந்து சரியாகச் சொன்னாள். அவள் கேட்பவர் அல்ல, மேற்பார்வையாளர் என்றது இயந்திரம். பின்னணியில் யாரோ இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்; எண்கள் குறைந்துகொண்டே போயின. சிவகலா அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த ஒலிவாங்கியில் வாயை வைத்து, லாப்பரொட்டமி என்று, பரீட்சையில் சொன்னதைவிடத் திருத்தமாகச் சொன்னாள்.

"உங்கள் உச்சரிப்பு மிகச் சிறப்பு," என்றது இயந்திரம். "ஆனால் ஸ்டெரி கேட்கும் தரப்பு அல்ல. கொடுக்கும் தரப்பு."

தட்டு அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அன்று காலை அவளே அடுக்கி முத்திரையிட்ட தட்டு. சிவகலா தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றினாள். பூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகி, முழுப் பாரத்தையும் கொடுத்து மிண்டினாள். பூட்டுப் பிளந்து நிலத்தில் விழுந்தது. எங்கேயோ மணி அடிக்கத் தொடங்கியது. தட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். கெர்பரைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு நின்ற யோகராஜா அண்ணை, மேலே ஒப்பரேஷன் அறைகள் இருந்த மூன்றாம் மாடியில் லிஃப்ட் வாசலில் தட்டுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; கதவு திறந்ததும் அது மூடாதபடி காலால் தடுத்துப் பிடித்தார்.

"விடுங்கோ, விடுங்கோ, வழி விடுங்கோ," என்று நடைபாதை முழுக்கக் கத்திக்கொண்டு போனாள். ஒப்பரேஷன் அறை வாசலில் ஒரு தாதி தட்டைப் பறித்துக்கொண்டு உள்ளே மறைந்தாள். சிவகலா சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டாள். ஆறு நிமிடம் வீணாய்ப் போயிருந்தது.

கெர்பர் பிழைத்தார்.

விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் அலுவலகத்து ஏழு பேரும், அவர்களுக்கு ஓரமாய்ப் பேராசிரியரும். மறுபக்கம் சிவகலா. ஒலிப்பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். இரத்த அழுத்தம் சொல்லும் குரல் உச்சரிப்பை மறைக்கிறது என்று மூன்றாவது முறை அந்தக் குரலை நீக்கிவிட்டுக் கேட்டார்கள்.

ஃப்ரௌ டொக்டர் பீரி கண்ணாடியைக் கழற்றினார். "கவனியுங்கள். முதல் முயற்சியில் அழுத்தம் ஐந்தாம் அசையில். இரண்டாவதிலும் ஐந்தாம் அசையில். ஆறாவது முயற்சியில் பேராசிரியர் களைத்துப் போனதால் அது நான்காம் அசைக்கு வந்திருக்கிறது. அழுத்தம் நகர்ந்துகொண்டிருந்தது. நோயாளி இன்னும் சில நிமிடம் ஒத்துழைத்திருந்தால் அது மூன்றாம் அசையை அடைந்திருக்கும். எங்கள் முறைமை வெற்றியின் வாசலில் நின்றபோது, நீங்கள் அதை உடைத்துவிட்டீர்கள்."

"அந்த ஆள் செத்துக்கொண்டிருந்தார்," என்றாள் சிவகலா.

"அது மருத்துவக் கேள்வி. நாங்கள் மருத்துவத்தில் தலையிடுவதில்லை."

பேராசிரியர் ட்ஸூர்புகன் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். தன் சொல்லழுத்தம் தாய்மொழியின் செல்வாக்குக்கு உட்பட்டது என்பதை ஒப்புக்கொள்வதாகவும், அலுவலகத்தின் முயற்சியை மதிப்பதாகவும் அதில் இருந்தது. மண்ணீரலை வெட்டியெடுத்து ஒரு மனிதனை மீட்டுக்கொண்டுவந்த கை அந்தத் தாளைப் பிடித்திருந்தது. வாசித்து முடித்ததும் யன்னலைப் பார்த்தார். அவருக்கு அன்றோடு சொல்லழுத்த விதிகளிலிருந்து நிரந்தர விதிவிலக்குக் கிடைத்தது.

சிவகலாவுக்கு முன்னால் ஒரு படிவத்தை நகர்த்தினார்கள். 'ஒழுங்கான உச்சரிப்பின் விளைவாகப் பூட்டுத் திறக்கப்பட்டது' என்று ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"யார் உச்சரித்தது?"

"அது செயப்பாட்டுவினை," என்று விளக்கினார் ஆம்ஷ்டுட்ஸ். "அதில் யாரும் இருக்கத் தேவையில்லை."

கையெழுத்து வைத்தால் பச்சை அட்டையும் வேலையும் அப்படியே இருக்கும், ஸ்டெரியின் குழுத்தலைவி பதவியும் பரிசீலிக்கப்படும் என்றார்கள். வைக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும். யோசிக்க ஒருநாள் கொடுத்தார்கள்.

யோகராஜா அண்ணை பஸ் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நின்றார். "வைச்சிட்டு விடு பிள்ளை. ஒரு கையெழுத்துத்தானே. அந்தாள் தப்பிட்டார்."

"அடுத்த ஆள்?"

அவர் பஸ் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, அவையள் அந்த நம்பர் சொல்லுற குரலை அழிச்சுப்போட்டுக் கேட்டவை. ஒரு மனுசன்ர உயிர் போற சத்தம் தங்கட சொல்லுக்கு இடைஞ்சலாம். எனக்கு அந்த மேசையில கை வைக்கவே அரியண்டமாக் கிடந்தது. நான் வைக்க மாட்டன்."

மறுநாள் அந்த ஒற்றை வரியைக் குறுக்கே வெட்டி, 'பூட்டை நான் கைப்பிடியால் உடைத்தேன்' என்று ஜேர்மனில் எழுதி, அதன் கீழ் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதமும் சிவப்பு அட்டையும் ஒரே உறையில் வந்தன. அலுவலகத்தின் காலாண்டு அறிக்கையில் பூட்டுத் திறக்கப்பட்டது என்றே இருந்தது. அவளுடைய கையெழுத்தில்லாமலும் செயப்பாட்டுவினை வேலை செய்தது.

ஓகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்டெரியின் வாசலில் மெலிந்த மனிதர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து நின்றார். மற்றக் கையில் துணியில் சுற்றிய, பின்னல் போட்ட பாண் ரொட்டி. மனைவி சுட்டது என்றார். ஸ்டெரிக்கு நோயாளி எவரும் வந்த சரித்திரமில்லை. அவருக்குப் பின்னால் ஹெர் ஆம்ஷ்டுட்ஸும் ஒரு கமராக்காரனும் நின்றார்கள். நன்றி சொல்லும் காட்சி ஒன்று அலுவலகத்தின் விளம்பரப் படத்துக்குத் தேவைப்பட்டது.

"நான் கெர்பர்," என்றார் வந்தவர். "அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தான் என்று கட்டில் தள்ளுகிறவர் சொன்னார்."

"நிறுத்துங்கள்," என்றார் ஆம்ஷ்டுட்ஸ். "சாமான் என்று சொல்ல வேண்டாம். லாப்பரொட்டமித் தட்டு. எங்கே, என்னோடு கை தட்டிச் சொல்லுங்கள். லாப், அ, ரொட்."

கெர்பர் பாணைத் தள்ளுவண்டியில் வைத்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை தட்டினார். மூன்றாவது அசையில் ஓங்கித் தட்டச் சொன்னார்கள். ஓங்கித் தட்டியபோது முகம் சுருங்கி, இடது கை வயிற்றைப் பொத்திக்கொண்டது. "பரவாயில்லை, இன்னொருமுறை," என்றார் ஆம்ஷ்டுட்ஸ். "இம்முறை முகத்தைச் சுருக்காமல்." கெர்பர் மறுபடியும் தட்டினார். நெற்றியில் வியர்வை பூத்தது. நல்ல மனிதர். தன்னைக் காப்பாற்றிய இடத்தில் கேட்டதைச் செய்யாமல் விடக்கூடாது என்று நினைத்திருப்பார். நான்காம் முறைக்குக் கமராக்காரன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

சிவகலா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். ஒரு கதிரையை இழுத்துக் கெர்பருக்குப் பின்னால் வைத்து, தோளில் கை வைத்து அவரை இருத்தினாள். பிறகு ஆம்ஷ்டுட்ஸின் பக்கம் திரும்பி, பேர்ண் ஜேர்மனில் வெளியே போ என்பதற்குச் சொல்லும் அந்தச் சின்னச் சொல்லைச் சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை. ஆம்ஷ்டுட்ஸ் இரண்டாம் கடிதத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, அவரும் கமராவும் அதைத் தாண்டும்வரை நின்றாள். பின்பு சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஓய்வறை மேசையில் பாணை வைத்து வெட்டினாள். வெண்ணெய் பூசி முதல் துண்டை அவரிடம் கொடுத்தாள். வெளியே கதவைத் தட்டினார்கள். பிறகு ஃபோன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள், எடுக்கவில்லை.

"அந்தத் தட்டுக்குள் என்ன இருந்தது?" என்று கேட்டார் கெர்பர்.

"கத்தி, கவ்வி, வயிற்றை விரித்துப் பிடிக்கிற கொக்கி. எல்லாமாய் எழுபத்திரண்டு."

"எல்லாவற்றையும் நீங்களா கழுவினீர்கள்?"

"எழுபத்திரண்டையும்."

அவர் கையில் இருந்த பாணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. அந்தத் தட்டுக்கு ஏதோ ஒரு பெயர் சொன்னார்களே, தனக்கு வாயில் வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"பெயர் கிடக்கட்டும்," என்றாள் சிவகலா. "சாப்பிடுங்கள்."